வீடு என்கிற அக்கவுண்டு

மே 6, செவ்வாய்

இந்தப் பக்கத்த யாரும் தொறக்கமாட்டாக. செவ்வாக்கெழம எவன் கல்யாணம் வைப்பான்?

இது எங்க மைக்செட் புக்கிங் டைரி. முகூர்த்த நாள் பக்கம் எல்லாம் என் பொண்டாட்டி பஞ்சவர்ணத்தோட எழுத்து. எந்தத் தெரு, எத்தன குழாய் ஸ்பீக்கரு, எத்தன டியூப்லைட்டு. போன் வந்தா அவதான் எடுப்பா, அவதான் எழுதுவா. பத்தாவது பாஸு. செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி, இந்தப் பக்கமெல்லாம் சும்மா கெடக்கு. அது என் புறம்போக்கு. வேலி போட்டு உக்காந்துட்டேன்.

நான் அஞ்சாவதுதான். ஆறாவது சேரப் போற வழியில ஒரு கல்யாண வீட்டுல மைக்செட் கட்டிக்கிட்டு இருந்தாக. அங்கயே நின்னுட்டேன். முப்பத்தஞ்சு வருசமா நிக்கிறேன். பேரு வீரணன். கடைப் பேரு பகவதி சவுண்ட் சர்வீஸ்.

இன்னைக்கு எழுத விசயம் இருக்கு. ஞாயித்துக்கெழம சடங்கு வீட்டுல தாய்மாமன் சீர் வருது, நூறு தட்டு. பாட்டப் போடுடான்னு அமுக்குறேன். நாலு குழாயிலயும் ஒரு பொம்பள சிரிச்சுக்கிட்டே, "வாங்க, சீட்டு விளையாடலாம்!"ங்குறா. சீர்த் தட்டு தூக்கிட்டு வந்த கிழவி ஒண்ணு அப்பிடியே நின்னு, "எங்கடா?"ன்னு கேட்டுச்சு. நானே சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். கம்ப்யூட்டர்ல இருந்த பாட்டு போல்டர் பூராவும் அம்பு போட்ட படமா மாறிக் கெடக்கு. அமுக்குனா பாட்டு இல்ல, விளம்பரம்.

தப்பு யாருதுன்னு பஞ்சவர்ணம் கேக்கல. என்னைய ஒரு பார்வ பாத்தா, அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கல்யாணம் எவனாச்சும் பென்டிரைவ நீட்டுவான், "அண்ணே, மாப்ளைக்குப் புடிச்ச பாட்டு". நானும் சொருகிருவேன். வீட்டுக்கு வந்து அத அப்பிடியே கம்ப்யூட்டர்லயும் சொருகிருவேன். ஊருல உள்ள சீக்கு அம்புட்டும் எங்க வீட்டுல வந்து எறங்கிருச்சு.

சரி பண்ண சுகுமாறன் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பஞ்சவர்ணத்துக்குத் தாய்மாமன் மகன், முறை மாப்ள. அந்தக் காலத்துல அவனுக்குத்தான் மொதல்ல பேசுனாக. படிப்பு முடியட்டும்னான், அதுக்குள்ள நான் தாம்பூலத் தட்டோட போய் நின்னுட்டேன். முறைக்குப் பாத்தா எனக்கு அவன் பங்காளி. எதுல பங்குன்னு நான் கேக்குறதில்ல.

பாட்ட மட்டும் தப்பிக்க வச்சு, மத்தத அழிச்சு, புதுசா ஏத்தி, கடைசியில மூணு பேருல மூணு அக்கவுண்டு போட்டு வச்சான். ஸ்கிரீனைத் தொறந்தா வீரணன், பஞ்சவர்ணம், வீடு. அந்த "வீடு"தான் அட்மினாம். எதையாச்சும் உள்ள ஏத்தணும்னா, மாத்தணும்னா, அதோட பாஸ்வேர்டு வேணுமாம்.

"அண்ணே, கூட்டத்துல பேசுறவன் கையில மைக்க மட்டும்தான குடுக்குறீக? ஆம்ப்ளிபயர் பொட்டிய நீங்க வச்சுக்கிறீகள்ல? அவன் கத்தலாம், வயர உருவ முடியாது. அது மாதிரிதான். வீரணன்னு போட்டிருக்குறதுல பாட்டுப் போடுங்க, படம் பாருங்க. சீக்கு வந்தாலும் மைக்கோட நிக்கும், பொட்டிக்குப் போகாது."

"அப்ப நான் மைக்கு. பொட்டி யாரு?"

"பாஸ்வேர்டு பஞ்சவர்ணத்துக்கிட்ட இருக்கட்டும்ணே. நீங்க எத நீட்டுனாலும் சொருகுற ஆளு."

அவ சிரிச்சா. எங்கிட்ட அப்பிடிச் சிரிச்சு நாளாச்சு.

மே 10, சனி

எனக்கு அட்மின்னா என்னன்னு நல்லாத் தெரியும். வடக்குத் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு முறுக்குக்கடைக்காரன் அட்மின். அவன் பொறந்தநாள் போட்டோவுக்கு "சுட்ட எண்ணெயிலயே சுட்ட மூஞ்சி"ன்னு போட்டேன், தூக்கிட்டான். மறுபடி சேத்தான், மறுபடி தூக்கினான். அட்மின்னா நெனச்சா சேக்கலாம், நெனச்சாத் தூக்கலாம். இப்ப என் வீட்டுல எம் பொண்டாட்டி அட்மின்.

இன்னைக்குப் பாட்ட ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற ஒரு புரோகிராம் கெடச்சுச்சு. ஏத்துனா ஒரு பொட்டி வந்து பாஸ்வேர்டு கேக்குது. கூப்புட்டேன். மாவு ஆட்டிட்டு இருந்தவ கையத் தொடச்சுட்டு வந்தா. அந்தப் பொட்டியில எழுதியிருந்தத ஒரு வரி விடாம எழுத்துக் கூட்டிப் படிச்சா.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"ஒரு பென்டிரைவுல."

"யாரோடது?"

"யாரோ."

"மச்சான்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க."

கவனிக்க வேண்டியது: அவனுக்கு மச்சான். எனக்கு இருவத்திமூணு வருசமா "இங்கேருங்க"தான்.

போன்ல பதினோரு நிமிசம் பேசுனா. நான் ஒண்ணும் நேரம் பாக்கல. கடிகாரம் எதுத்தாப்புல இருந்துச்சு. நடுவுல மூணு தடவ சிரிப்பு. கடைசியில, "வேணாமாம்."

மே 13, செவ்வாய்

ரெண்டு குழாய்க்கு உள்ள சத்தம் போடுற யூனிட்டு மாத்துனேன். சுகுமாறன் ஏதோ பாக்கணும்னு வந்தான். மீசைக்கு மை அடிச்சிருக்கான். எனக்கென்ன.

மே 17, சனி

பெரிய சேதி. பகவதியம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு மைக்செட் நமக்கு! ஆறு வருசமா போட்டிக் கடைக்காரன் செல்வம்தான் கட்டுனான். இந்த வருசம் கமிட்டியே வீட்டுக்கு வந்து குடுத்துச்சு. மூணு நாள், ஜூன் எட்டு, ஒம்பது, பத்து. கமிட்டித் தலைவர் ஒரே கண்டிசன் போட்டாரு. போன வருசம் அம்மன் ஆத்துக்குக் கெளம்புற நேரத்துல செல்வம் டூயட்டப் போட்டுட்டான். இந்த வருசம் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டுன்னு முழு லிஸ்ட்டு கைக்கு வரணும், மேளம் அடிக்கிற நேரம் உள்பட. இல்லன்னா மறுபடி செல்வம்தான்.

லிஸ்ட்ட பஞ்சவர்ணத்தாலதான் போட முடியும். பாட்டு எது எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். ஆயிரத்து நானூறு பாட்டுக்கும் அவதான் பேரு அடிச்சிருக்கா. மத்தியானம் சமைச்சுப் போட்டுட்டு உக்காந்தா, ஒரே நாள்ல அறுவது பாட்ட லிஸ்ட்டுல ஏத்திட்டா. அவ உக்காந்திருக்குற நிமிர்ச்சியப் பாத்தா கலெக்டரே எந்திரிச்சு நிப்பான்.

நடுவுல ஒரு தடவ எதுக்கோ பாஸ்வேர்டு கேட்டுச்சு. நான் அப்பத்தான் தற்செயலாக் காப்பியோட பின்னாடி நின்னேன். பட்டுன்னு முந்தானையக் கீபோர்டு மேல போட்டுக்கிட்டு அடியில கைய விட்டு அடிக்கிறா.

"ஏ புள்ள, மூடி மறைக்கிற அளவுக்கு உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க. உங்க கண்ணுதான் இருக்கு."

காப்பிய நானே குடிச்சுட்டேன்.

மே 20, செவ்வாய், அஷ்டமி

சிரிச்சுச் சிரிச்சுப் பாத்தேன், முடியல. எழுதிருறேன். அஷ்டமியும் செவ்வாயும் சேந்த பக்கம், எந்தப் பய தொறக்கப் போறான்.

அந்த பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத் தெரியும். அவளுக்கும் அவனுக்கும். புருசன் பொண்டாட்டிக்குள்ள ரகசியம் இருந்தா அது குடும்பம். முறை மாப்ளைக்கும் முறைப் பொண்ணுக்கும் நடுவுல ரகசியம் இருந்தா அதுக்குப் பேரு என்ன? அந்த "வீடு"ங்குற ரூமுக்குள்ள என்னத்த வச்சிருக்காக? நான் கம்பம், கூடலூர்னு குழாய் கட்டப் போனதும் அதத் தொறந்துதான் உக்காந்திருப்பா. என் பேரு இருக்குற ரூம்ல பாட்டும் படமும். நல்ல ரூம் அவுகளுக்கு. அவன் அன்னைக்கே படிப்ப விட்டுட்டுக் கட்டியிருந்தா இவ இப்ப கம்ப்யூட்டர் கடைல சுத்துற நாற்காலியில உக்காந்திருப்பா. அதத்தான் நெனக்கிறா. மாவு ஆட்டும்போதெல்லாம் அதத்தான் நெனக்கிறா. எங்கிட்ட அவ ஏமாந்துட்டான்னு அவளுக்கே தோணிருச்சு.

தேனிக்கு யூனிட்டு வாங்கப் போறேன். வந்து மிச்சத்த எழுதுறேன்.

*கேதம். தெற்குத் தெரு கிளியம்மாள் தவறிவிட்டார். குழாய் 2, ஒப்பாரிப் பாட்டு, மைக் 1. நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். மகன் பேசினார்.*

*மேலே இருப்பதைப் படித்தேன். பாஸ்வேர்டு அரிசி டப்பா மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்கு அது தெரியாது. நான் போடும்போது அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.*

மே 21, புதன், நவமி

மேல கோணாம இருக்குறது என் எழுத்து இல்ல.

கல்யாணந்தான் நாள் பாக்கும். சாவு எந்த அஷ்டமியப் பாத்துச்சு? இத்தன வருசம் கேத வீட்டுக்குக் குழாய் கட்டுனவன், இந்த ஒண்ண யோசிக்கல.

நேத்து தேனியில இருந்து வந்ததும் வாசல்லயே, "தெக்குத் தெருவுல கேதம்"னா. சாப்புடக்கூட இல்லாம ஓடுனேன். இன்னைக்கு எடுத்து முடிச்சு, குளிச்சு, டைரியத் தொறந்தா இது. அவ இருந்த பக்கம் பாத்தேன். கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "ஏ புள்ள"ன்னேன். கீரை ஆஞ்சா.

மே 22, வியாழன்

பேசல.

மே 24, சனி

இனி எந்தப் பக்கத்துல எழுதுனா என்ன. எல்லாப் பக்கமும் தொறந்த வீடுதான்.

அரிசி டப்பாவ நாலு நாளாத் தொடல. இன்னைக்கு அவ தண்ணி புடிக்கப் போனப்ப எடுத்தேன். "வீடு"வ அமுக்கி, ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சு, உள்ள போயிட்டேன். அடுத்தவன் பீரோவத் தொறந்த மாதிரி இருந்துச்சு.

ஒண்ணுமே இல்ல. நீலமா ஒரு தெரை, ஓரத்துல குப்பத்தொட்டி. பாட்டு இல்ல, படம் இல்ல, ஒரு காகிதம் இல்ல. குப்பத்தொட்டியும் காலி. கடைசியா யாரு வந்து உக்காந்தாகன்னு தெரியாத அளவுக்குத் தொடச்சு வச்ச ரூம்.

தோண்டித் தோண்டி ஆளுக பேரு இருக்குற இடத்துக்குப் போனேன். மூணு பேருல "வீடு"க்குக் கீழ மட்டும் அட்மின்னு போட்டிருக்கு. என் பேருக்குக் கீழ இல்ல. அவ பேருக்குக் கீழயும் இல்ல. அப்ப அவ இத்தன நாளும் அவ பேருல இருக்குறதுலதான் லிஸ்ட்டு அடிச்சிருக்கா. ஏதாச்சும் ஏத்தணும்னா அவளும் என்னைய மாதிரியே நின்னு பாஸ்வேர்டு போட்டிருக்கா. தானே பூட்டி, தானே வெளிய உக்காந்திருக்கா.

யாரும் உக்காராத நாற்காலியப் பாத்து நான் பதினெட்டு நாளா வெந்திருக்கேன்.

மே 27, செவ்வாய்

ரசத்துல உப்பு கூடிருச்சுன்னு சொன்னேன். கூடல. ஏதாச்சும் சொல்லுவாளேன்னு சொன்னேன். எந்திரிச்சு வந்து, என் தட்டுல இருந்த ரசத்த எடுத்துக் கீழ ஊத்திட்டு, மோரு ஊத்திட்டுப் போயிட்டா.

போன் வந்தா எடுக்குறா, புக்கிங் எழுதுறா. போன்ல மறுமுனையில இருக்குற ஆளுகிட்ட நல்லாப் பேசுறா. கம்ப்யூட்டரத் தொடல. லிஸ்ட்டு அறுவதுலயே நிக்குது.

"வீடு"வுலயே உக்காந்திருக்கேன். நாந்தான் இப்ப அட்மின். முறுக்குக்கடைக்காரன் இதுக்காடா இந்த ஆட்டம் ஆடுனான்?

மே 31, சனி

நானே லிஸ்ட்டு போட்டேன். காலையில இருந்து எட்டுப் பாட்டு. அதுல ரெண்டு ஒரே பாட்டு.

கமிட்டித் தலைவரு போன் பண்ணி, "வீரணா, லிஸ்ட்டு?"ன்னாரு. "டைப் ஆகிக்கிட்டு இருக்குண்ணே"ன்னேன். "செல்வமும் கேட்டுட்டுப் போறான், பாத்துக்க"ன்னாரு.

சுகுமாறன் கடைக்குப் போனேன். பென்டிரைவு வாங்குற மாதிரி.

"பங்காளி, எங்க வீட்டுப் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும்ல?"

"எனக்கெதுக்குண்ணே? நாளைக்கு ஒண்ணு தொலைஞ்சா மொத ஆளா என்னையத்தான் கேப்பீக. நம்ம கடைல எந்த வீட்டுப் பாஸ்வேர்டும் வச்சுக்கிறது இல்ல." அப்புறம் என் மூஞ்சியப் பாத்தான். "ஏண்ணே, நீங்க இப்ப எதுல உக்காந்து வேல பாக்குறீக?"

"வீடுவுல."

"அய்யய்யோ! அதுல சும்மா உக்காரக் கூடாதுண்ணே. வேல இருந்தாப் போயிட்டு ஒடனே வெளிய வந்துரணும். ஆம்ப்ளிபயர் பொட்டிமேல ஏறி உக்காந்து யாராச்சும் மைக்குல பேசுவாகளா?"

கெளம்புறப்ப கேட்டுட்டேன். அன்னைக்குப் போன்ல என்ன அம்புட்டுச் சிரிப்புன்னு.

"உங்க கதைதாண்ணே. சீட்டு விளையாடலாம்னு நாலு குழாய்ல போட்டு விட்டீகள்ல? அந்தக் கிழவி 'எங்கடா'ன்னு கேட்டத அவ செஞ்சு காமிச்சா பாருங்க, எனக்கு வயிறே வலிச்சுப் போச்சு."

கதை என்னோடது. சிரிச்சது அவுக. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். என் கதைய எங்கிட்டயே சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்ல? அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

தெரியுது, தெரியுது. உள்ள வேக்காடு இன்னும் தீரல.

ஜூன் 3, செவ்வாய்

திருவிழாவுக்கு அஞ்சு நாள். நாளைக்கு லிஸ்ட்டு குடுக்கணும்.

காலையில கமிட்டியில இருந்து ஒரு ஆளு பென்டிரைவக் கொண்டாந்து குடுத்தாரு. "நம்ம ஊரு அம்மனப் பத்தி நம்ம ஊருக்காரக பாடுனது, தலைவரு இதத்தான் மொதப் பாட்டாப் போடச் சொன்னாரு." சொருகுனேன். வேற என்ன தெரியும் எனக்கு. உள்ள ஒரே ஒரு பாட்டுப் படம். ரெண்டு தடவ அமுக்குனேன். பாட்டு வரல. தெரை மங்கி, நடுவுல ஒரு பொட்டி வந்துச்சு. இது உங்க கம்ப்யூட்டர்ல மாத்தம் செய்யலாமான்னு கேக்குது. பாஸ்வேர்டு கேக்கல. நாந்தான் அட்மினாச்சே. எஸ், நோ, ரெண்டே ரெண்டு.

எஸ்ஸுக்கு மேல அம்பு நிக்குது. ஒரு அமுக்கு. தலைவர் சொன்ன பாட்டு. நேரமும் இல்ல. இத்தன நாள் இந்த ஒரு அமுக்குக்குத்தான நான் வெந்து நொந்தேன், யாரையும் கேக்காம எஸ் குடுக்குறதுக்கு.

வெரலு எறங்கல. ஆயிரத்து நானூறு பாட்டும் அவ அடிச்ச பேரு. ஒவ்வொண்ணா, ரெண்டு வெரலால, மூணு வருசமா. என் வெரலு எறங்குனா அம்புட்டும் போயிரும்னு எனக்குத் தெரியாது. போகாதுன்னும் தெரியாது. தெரியாதுங்குறத யார்கிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு.

"பஞ்சவர்ணம்"னு கூப்புட்டேன். ஏ புள்ள இல்ல. முழுப் பேரு.

அடுப்படியில சத்தம் நின்னுச்சு.

"ஒரு பொட்டி வந்திருக்கு. எனக்குத் தெரியல. எஸ் குடுக்கவா, நோ குடுக்கவா?"

கரண்டியோட வந்தா. எனக்குப் பின்னாடி நின்னு, ஒவ்வொரு வரியா, வாய்க்குள்ளயே படிச்சா. தாளிச்ச வாசம் அடிச்சுச்சு.

"நோ குடுங்க."

பதினாலு நாளைக்கு அப்புறம் அவ எங்கிட்ட பேசுன மொத வார்த்த. குடுத்துட்டேன்.

"பாடுறதுக்கு வந்த பாட்டு வீட்டுச் சாவிய எதுக்குக் கேக்குது?"ன்னு தன்னால சொல்லிட்டு அடுப்படிக்குத் திரும்புனா. நான் மறுபடி அதையே அமுக்குனேன். மறுபடி பொட்டி.

"பஞ்சவர்ணம், இப்ப?"

"நோ."

மறுபடி அமுக்குனேன். "இப்ப?"

"நோ."

கொழம்பு கொதிக்குது. ஏழு தடவ கேட்டேன். ஏழுக்கும் நோ. ஒவ்வொரு நோவும் எனக்கு ஒரு சீர்த் தட்டு. ஏழாவது நோவுல அவ வந்து கதவுல சாஞ்சு நின்னா. "நீங்க வேணும்னே அமுக்குறீக."

"ஆமா."

"என்னைய என்னன்னு நெனச்சு எழுதுனீக?"

தமாசா ஒண்ணு சொல்ல வாயத் தொறந்தேன். வந்துச்சு, தொண்டை வரைக்கும் வந்துச்சு. மூடிக்கிட்டேன்.

"பொறாமப் பட்டேன். அதுதான். வேற ஒண்ணுமில்ல."

"எதுக்கு?"

"நீ அவன்கூடச் சிரிக்கிற."

"உங்களோட சிரிக்க எனக்கு எடம் எங்க இருக்கு? எதச் சொன்னாலும் நீங்கதான் மொதல்ல சிரிக்கிறீக. என்னைய வச்சும் நீங்கதான் சிரிக்கிறீக."

மவுஸ விட்டுக் கைய எடுத்தேன்.

அவளே பென்டிரைவ உருவி எங்கையில குடுத்தா. "கமிட்டிக்கே திருப்பிக் குடுங்க. பாட்ட வேற வழியா அனுப்பச் சொல்லுங்க. மொதல்ல இந்த வீடுவ விட்டு வெளிய வாங்க. பத்து நாளா இதுலயே உக்காந்திருக்கீகளே, மச்சான் கேட்டா என்ன சொல்லும்?"

மச்சான். சரி. வந்துட்டேன்.

அவ பேருல இருக்குறதுல உக்காந்து, அறுவத்தி ஒண்ணாவது பாட்டுல இருந்து ஆரம்பிச்சா. பாட்டுப் பேர நான் சொல்லச் சொல்ல அவ தேடி எடுத்தா. அம்மன் ஆத்துக்குப் போறப்ப எது, திரும்புறப்ப எது, முளைப்பாரி எடுக்குறப்ப எதுன்னு எனக்கு ஒறக்கத்துலயும் தெரியும். எங்க கெடக்குன்னு அவளுக்குத் தெரியும். கொழம்பு அடிப்பிடிச்சுருச்சு. ரெண்டு பேரும் எந்திரிக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட்டு இருநூத்திப் பத்துல முடிஞ்சுச்சு.

அப்புறம் அவ, "பாஸ்வேர்ட மாத்தணுங்க. அரிசி டப்பாவுல எழுதுனதெல்லாம் இனி ஆகாது"ன்னா. "என்ன போடுவோம், நீங்களும் சொல்லுங்க"ன்னு கேட்டா. கேட்டா! எங்கிட்ட.

"வேணாம் புள்ள. நீயே போடு. எனக்குத் தெரிஞ்சா நான் எஸ் குடுத்துருவேன். தெரியலன்னா உன்னையக் கூப்புடுவேன்."

சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னேன். அவ சொல்லல, நானா நின்னேன். காலண்டர்ல தேதி கிழிக்காம இருந்துச்சு, கிழிச்சேன். பின்னாடி அவ ஒவ்வொரு எழுத்தா அடிக்கிறா, ரெண்டு வெரலால.

ஒம்பது தட்டு கேட்டுச்சு. நான் எண்ணல. மைக்செட்காரன் காது, அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருந்துச்சு. யாரு பேருக்கு இங்கிலீசுல ஒம்பது எழுத்து வரும்னு ஒரு பய கேட்டான், என் நெஞ்சுக்குள்ள இருந்து. அவனுக்கு நோ குடுத்துட்டேன். பாதிக் குடுத்துட்டேன்.